மூச்சின் செலவுக் கணக்கு: நாட்பட்ட நுரையீரல் நோய் பற்றித் திருகோணமலைக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

என் அம்மா முப்பத்திரண்டு வருடங்கள் விறகடுப்பில் இடியப்பம் அவித்துத் திருகோணமலை நகரத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுத்தவர். ஒரு சிகரெட்டையும் தொட்டதில்லை. 2016இல் அவருக்கு நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று சொன்னார்கள். வைத்தியர்கள் சுருக்கமாக சி.ஓ.பி.டி. என்பார்கள். 2023 ஜனவரியில் இறந்துபோனார். இடைப்பட்ட காலத்தில் நான் எழுதிவைத்த கொப்பிகள் மூன்று இருக்கின்றன: மருந்து, கிளினிக் திகதி, பஸ் காசு, வேலைக்குப் போகாத நாள், அம்மா எத்தனை படி ஏறினார் என்பது வரை.

ஊரில் யாருக்காவது இந்த நோய் என்றால் அவர்களின் பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் வைத்தியரல்ல. எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் வைத்தியரிடமே கேளுங்கள்.

இது என்ன வருத்தம்? நாங்கள் முட்டு, இழுப்பு என்று சொல்வதுதானா?

முட்டும் (ஆஸ்துமா) இதுவும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அதனால்தான் பல வீடுகளில் ஐந்தாறு வருடங்கள் வீணாகப் போய்விடுகின்றன. முட்டு வரும், மருந்தெடுத்தால் தணியும், இடைப்பட்ட நாட்களில் ஆள் ஓடியாடித் திரிவார். இந்த நோயில் அந்த நல்ல நாட்கள் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போகும். மூச்சுக் குழாய்கள் தடித்துச் சுருங்கிவிடுகின்றன. நுரையீரலின் நுண்ணிய காற்றுப் பைகள் சிதைகின்றன. உள்ளே போன காற்று முழுவதும் வெளியே வராது. பழைய காற்று உள்ளேயே தங்கினால் புதிய காற்றுக்கு இடமேது? நோயாளர் "மூச்சு எடுக்க முடியவில்லை" என்பார். ஆனால் சிக்கல் தொடங்குவது மூச்சை விட முடியாமையில்தான்.

நோயை உறுதிப்படுத்தும் சோதனை ஸ்பைரோமெற்றி. ஒரு குழாயில் பலம் முழுவதையும் கூட்டி ஊத வேண்டும். முதல் ஒரு செக்கனில் வெளிவரும் காற்றை, மொத்தமாக வெளிவரும் காற்றால் வகுத்துப் பார்ப்பார்கள். குழாய்களை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் அந்த விகிதம் 0.70க்குக் கீழே இருந்தால் அடைப்பு நிலைத்துவிட்டது என்று பொருள். மார்பு எக்ஸ்ரே மட்டும் பார்த்து இதைச் சொல்ல முடியாது. அம்மாவுக்கு நான்கு எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் முதல் ஸ்பைரோமெற்றி நடந்தது. இருமலும் மூச்சிரைப்பும் மாதக்கணக்கில் நீடித்தால் அந்தச் சோதனையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

புகைக்கும் பழக்கமே இல்லாதவருக்கு இது எப்படி வரும்?

இந்தக் கேள்வியில் எப்போதும் ஒரு வெட்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். "அம்மா களவாகச் சுருட்டுப் பிடித்தாரா?" என்று என்னிடமே ஒருவர் கேட்டிருக்கிறார்.

எங்கள் குசினி வீட்டின் பின்புறம், தகரக் கூரைக்குக் கீழே இருந்தது. காற்றுப் போக ஒரு கையகல இடைவெளி. மழைக்காலத்தில் ஈரக் கொள்ளி, பொச்சு, பாளை, சிரட்டை. அடுப்பு மூட்டும்போது அம்மாவின் முகம் நெருப்புக்கு ஒரு முழத் தூரத்தில் இருக்கும். அதிகாலை மூன்று மணிக்குத் தொடங்கி ஏழு மணி வரை, முப்பத்திரண்டு வருடங்கள். அந்தப் புகையிலுள்ள நுண்துகளுக்குச் சிகரெட் புகை, விறகுப் புகை என்ற பேதம் தெரியாது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் இந்த நோய் 2021இல் ஏறத்தாழ 35 இலட்சம் பேரின் உயிரைப் பறித்தது; மரணத்துக்கான காரணங்களில் உலகளவில் நான்காவது. 70 வயதுக்கு முன் இதனால் இறப்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். செல்வந்த நாடுகளில் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்ட நோயாளருக்குப் புகைத்தல்தான் காரணம். எங்களைப் போன்ற நாடுகளில் அது 30 முதல் 40 வரை மட்டுமே. மீதியில் பெரிய பங்கு வீட்டுக்குள் எழும் புகைக்கு. இலங்கையில் 2012ஆம் ஆண்டு சனத்தொகைக் கணக்கெடுப்பின்போது நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்ட குடும்பங்கள் விறகில் சமைத்துக்கொண்டிருந்தன. 2022இல் எரிவாயுச் சிலிண்டர் கிடைக்காமல் போனபோது, அடுப்பை மாற்றிக்கொண்டிருந்த குடும்பங்களும் கொள்ளிக்குத் திரும்பின.

விறகு தவிர வேறு காரணங்களும் உண்டு. நெல் ஆலையில் உமித் தூசிக்குள் நின்றவர்கள், சீமெந்து மூடை சுமந்தவர்கள், கல்லுடைத்தவர்கள், முன்பு காசநோய் வந்து மாறியவர்கள் எல்லோரும் வைத்தியரிடம் அதைச் சொல்லவேண்டும். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

அடுப்பைப் பற்றிச் செய்யக்கூடியவை பெரிய செலவில்லாதவை. குசினிக்கு ஒரு புகைபோக்கி, எதிரெதிரே இரண்டு திறப்புகள், காய்ந்த விறகு. முடிந்தால் அடுப்பையே வெளித் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். படுக்கும் அறையில் நுளம்புத்திரி கொளுத்தாமல் வலை கட்டுங்கள். குப்பையை, அதிலும் பொலித்தீனை, வீட்டு வாசலில் எரிக்காதீர்கள். எங்கள் வீட்டில் இவையெல்லாம் 2017இல் நடந்தன. இருபது வருடம் முந்தி நடந்திருக்க வேண்டியவை.

அரசாங்க வைத்தியசாலையில் மருந்து இலவசம்தானே? பிறகு எங்கே செலவாகிறது?

மருந்து இலவசம் என்பது பெரிய பாக்கியம். அது இல்லாத நாடுகளில் இந்த நோய் வந்தால் வீட்டையே விற்கிறார்கள். ஆனால் பணம் கரைவது மருந்துக்கடை மேசையில் மட்டுமல்ல.

கொப்பியில் 2019ஆம் ஆண்டை எடுத்துப் பார்க்கிறேன். கிளினிக் நாள் 12. இரண்டு தடவை வாட்டில் அனுமதித்தார்கள்: ஒருமுறை 6 நாள், மறுமுறை 9 நாள். வீட்டுக்கு வந்த பிறகும் அடுப்படிக்குப் போக இயலாமல் கிடந்த நாட்கள் 40. கூட்டினால் 67 நாள் இடியப்பம் இல்லை. 67 நாள் கொடுக்காதவரைக் கடைக்காரர் எத்தனை காலம் பார்த்துக்கொண்டிருப்பார்? அந்த வருட முடிவில் மூன்று கடைகளில் இரண்டு வேறிடத்தில் வாங்கத் தொடங்கிவிட்டன. நோயால் போன பணத்தில் மிகப் பெரிய தொகை அதுதான். அதற்கு எந்தப் பற்றுச்சீட்டும் இல்லை.

என்னுடைய கணக்கு தனி. கிளினிக்குக்கும் வாட்டுக்கும் கூடப் போன 27 நாட்களும் எனக்குச் சம்பளமில்லை. நாட்கூலி வேலை அப்படித்தான். மருந்து இருப்பில் இல்லையென்று வெளியே எழுதித் தந்த துண்டுகள் அந்த வருடம் மூன்று, 2022இல் பதினொன்று. பஸ்ஸில் நிற்க முடியாததால் ஓட்டோ. அம்மாவின் காப்பு அடகுக்குப் போனது ஓட்டோ காசுக்கும் வெளியே வாங்கிய மருந்துக்கும்தான்.

இந்தக் கணக்கை நீங்களும் எழுதுங்கள். இழந்த நாட்களை எழுதாத வீடுகளில் நோய் "செலவில்லாதது" போலத் தெரிகிறது. கடன் மட்டும் எங்கிருந்து வந்ததென்று தெரியாமல் ஏறிக்கொண்டே இருக்கிறது. ஒருநாள் நுண்கடன்காரர் வாசலில் நிற்கும்போது வீட்டில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

கிளினிக் போய்வரும் செலவைக் குறைக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும் வரை அங்கிருந்து வந்தவர்கள் பாதை என்ற மிதவைப் படகில் ஏறித்தான் கடந்தார்கள். மூதூர் நோயாளருக்கு வள்ளம். பாலங்கள் வந்தபின் பயணம் இலகுவாகிவிட்டது என்றாலும் விடியமுன் எழுந்து, இலக்கம் எடுத்து, நண்பகல் வரை வாங்கில் உட்காருவது இந்த நோயாளருக்குப் பெரும் பாடு.

நோய் நிலையாக இருந்தால், அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையிலேயே மருந்து எடுக்கலாமா என்று கேளுங்கள். கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆகிய மூன்று இடங்களிலும் ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. நகரத்துக்கு வந்து மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ மார்புநோய் சிகிச்சை நிலையத்திலோ காட்டுவதைச் சில மாதங்களுக்கு ஒருமுறையாக ஆக்கிக்கொள்ளலாம். பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் வேறு வேறு நாளில் கிளினிக் இருந்தால் ஒரே நாளுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். நான் நான்கு வருடம் கேட்காமலே இருந்தேன். கேட்ட அன்றைக்கே மாற்றித் தந்தார்கள்.

"பம்ப் பழகிவிட்டால் பிறகு விடமுடியாது" என்கிறார்களே?

இல்லை. இந்தப் பேச்சால் எத்தனை பேர் குளிசையோடு மட்டும் காலம் தள்ளி மூச்சுத்திணறி வாட்டுக்குப் போயிருக்கிறார்கள்! நோய் நாட்பட்டதாக இருப்பதால் மருந்தும் நாட்பட்டதாக இருக்கிறது. அதற்குப் பெயர் அடிமைத்தனம் அல்ல. பம்பில் உறிஞ்சும் மருந்து நேராக நுரையீரலுக்குப் போவதால் அளவு சிறியது. அதே மருந்தைக் குளிசையாக விழுங்கினால் உடம்பு முழுவதும் சுற்றிக் கைநடுக்கமும் படபடப்பும் கூடும்.

உண்மையான பிரச்சினை வேறு. பெரும்பாலோர் அதைப் பிழையாக எடுக்கிறார்கள். அழுத்தும் பம்ப் என்றால் மெதுவாகவும் ஆழமாகவும் உறிஞ்ச வேண்டும். உள்ளே கப்சூல் போடும் வகை என்றால் வேகமாகவும் பலமாகவும். இரண்டையும் மாற்றிச் செய்தால் மருந்து தொண்டையில் படிந்துவிடும். உறிஞ்சியபின் பத்து எண்ணும் வரை மூச்சை அடக்க வேண்டும். ஸ்டீரொயிட் கலந்த மருந்தென்றால் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லையென்றால் நாக்கில் வெள்ளை படரும். அம்மா இரண்டு வருடம் கப்சூலை மெதுவாக உறிஞ்சிக்கொண்டிருந்தார். ஒரு தாதி தற்செயலாகப் பார்த்துத் திருத்தினார். அந்த மாதத்திலிருந்து இரவு இருமல் பாதியாகக் குறைந்தது.

பம்புக்கு ஸ்பேசர் (பம்புக்கும் வாய்க்கும் இடையில் பொருத்தும் கூடு) இருந்தால் கைக்கும் மூச்சுக்கும் நேரம் பொருந்தவேண்டிய கவலை இல்லை. வாங்க வசதியில்லாவிட்டால் அரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தலின் அடியில் பம்பின் வாயளவுக்குத் துளையிட்டுப் பயன்படுத்தும் வழியும் இருக்கிறது. கிளினிக்கில் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு கிளினிக்கிலும் தாதியின் முன்னால் ஒருதரம் உறிஞ்சிக் காட்டுவதை வழக்கமாக்குங்கள்.

நோய் எந்தளவில் இருக்கிறது என்று வீட்டில் எப்படித் தெரிந்துகொள்வது?

வைத்தியர்கள் மூச்சிரைப்பை 0 முதல் 4 வரை அளக்கிறார்கள். அதை எங்கள் ஊர்த் தெருக்களில் வைத்துச் சொல்கிறேன். கடும் வேலையில் மட்டும் இரைத்தால் 0. கோட்டை வாசலிலிருந்து கோணேஸ்வரர் கோயிலுக்கு ஏறும் சாய்வில் இரைத்தால் 1. சமதரையில், மரக்கறிச் சந்தைக்கு உங்கள் வயதொத்தவரோடு நடக்கும்போது பின்தங்கினால் 2. டச் பே கடற்கரை வீதியில் நூறு மீற்றர் நடந்ததும் நின்று மூச்செடுத்தால் 3. சேலை உடுக்கவோ சேர்ட் போடவோ இரைத்து, வீட்டைவிட்டு வெளியே போவதையே நிறுத்திவிட்டால் 4.

அம்மா 2016இல் இரண்டில் இருந்தார். வெள்ளிக்கிழமைக் கோயில் நின்றுபோனது மூன்றாவது வருடம். அவர் எங்களிடம் சொன்ன காரணம் "கால் நோகிறது". மூச்சு இரைக்கிறது என்று இவர்கள் இலேசில் சொல்ல மாட்டார்கள். எதை எதைக் கைவிட்டார்கள் என்று பாருங்கள். கிணற்றில் அள்ளிக் குளித்தவர் வாளியில் நிரப்பித் தரச் சொல்கிறாரா? படியில் ஏறுமுன் பேச்சை நிறுத்துகிறாரா? அவற்றைத் திகதியோடு எழுதி வைத்தியரிடம் காட்டுங்கள்.

இரைக்கிறதென்றால் அசையாமல் இருப்பதுதானே நல்லது?

நேர்மாறு. உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசை கரையும். கரைந்த தசை அதே வேலைக்கு இன்னும் கூடுதலாக ஒட்சிசன் கேட்கும். இயன்மருத்துவப் பிரிவில் ஆறு முதல் எட்டு வாரப் பயிற்சி கிடைக்குமா என்று கேளுங்கள். இந்த நோயில் வாழ்க்கைத் தரத்தை உயர்த்துவதாக மிகத் தெளிவாகக் காட்டப்பட்ட வழிகளில் அது ஒன்று, மருந்துக்கு நிகரானது.

வீட்டில் நாங்கள் செய்தது: முற்றத்தில் காலையும் மாலையும் நடை, நாளுக்கு இரண்டு நிமிடம் கூட்டி. இரைக்கும்போது மேசையில் கைகளை ஊன்றி முன்னே சாய்ந்து, மூக்கால் இழுத்து, ஊதுகுழலை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து மெல்ல விடுதல். அந்த உவமையை அம்மாவே சொன்னார். அடுப்பூதிக் கெட்ட மூச்சை அதே உதட்டுக் குவிப்பால் ஆற்றிக்கொண்டார்.

அப்பாவுக்கு 52 வயது, கரைவலை இழுப்பவர். இனி அந்த வேலைக்குப் போகக்கூடாது என்றார்கள். என்ன செய்வது?

எனக்குப் பதில் சொல்லக் கடினமான கேள்வி இது. மாதச் சம்பளத்தில் இருந்தவரென்றால் ஊழியர் சேமலாப நிதி இருக்கும். ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுப்பதை, நிரந்தரமாக வேலை செய்ய இயலாது என்ற மருத்துவச் சான்றோடு முன்கூட்டியே எடுக்கலாம். கரைவலைக்காரருக்கும் இடியப்பம் அவிப்பவருக்கும் அப்படியொரு நிதி இல்லை.

2023இல் தொடங்கிய அஸ்வெசும நலன்புரித் திட்டத்தில் சிறுநீரக நோயாளருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியோருக்கும் தனிக் கொடுப்பனவுகள் இருக்கின்றன. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு அப்படி ஒரு பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. அது இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சிறுநீரகம் பழுதானவர் உழைக்க இயலாதவர் என்றால், நூறு மீற்றர் நடக்க இயலாதவரும் அப்படித்தானே? ஆனால் பட்டியலில் பெயர் வரும்வரை பட்டினி கிடக்க முடியாது. ஸ்பைரோமெற்றி அறிக்கை, வாட்டிலிருந்து விடுவித்த துண்டுகள், கிளினிக் கொப்பி ஆகிய மூன்றின் பிரதிகளோடு கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் போங்கள். நோயின் பெயரைச் சொல்வதோடு நிற்காமல், "இன்னின்ன வேலை செய்ய இயலாது" என்று வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள். கையில் காகிதம் இருந்தால் அவர்கள் கேட்கும் விதம் மாறும்.

தொழிலை முழுதாக விடமுன், உள்ளே மாற முடியுமா என்றும் பாருங்கள். வலை பொத்துவது, மீன் விற்ற கணக்கு எழுதுவது, சம்மாட்டியிடம் பேசினால் கிடைக்கக்கூடும். கருவாட்டுத் தூளும் வாடி அடுப்புப் புகையும் இல்லாத இடமாக இருக்கட்டும்.

அம்மா யாரோடும் பேசுவதில்லை, எதற்கெடுத்தாலும் அழுகிறார். இதுவும் நோயின் பகுதியா?

ஆம். மனச்சோர்வும் பதற்றமும் இந்த நோயாளரிடம் மிக அதிகம். மூச்சு முட்டும்போது வரும் பயத்தைச் சாதாரணப் பயமென்று நினைக்காதீர்கள். அது நீரில் மூழ்குபவரின் பயம். பயந்தால் மூச்சு வேகமாகும். வேகமானால் காற்று இன்னும் உள்ளே தேங்கும். தேங்கினால் இன்னும் பயம். இரவு மூன்று மணிக்கு அது வரும்போது பக்கத்தில் ஒருவர் அமைதியாக உட்கார்ந்து, முகத்தில் பனையோலை விசிறியால் வீசினாலே பாதி தணியும். முகத்தில் படும் காற்று மூச்சிரைப்பு உணர்வைக் குறைக்கிறது என்பது ஆய்வுகளில் வந்த உண்மை.

கொரோனாவுக்குப் பிறகு இன்னொரு துயரம் சேர்ந்துகொண்டது. அம்மா பஸ்ஸில் இருமினால் பக்கத்தில் இருந்தவர் எழுந்து போனார். கலியாண வீட்டில் சளியைத் துப்ப எங்கே போவதென்று தெரியாமல் சாப்பிடாமலே திரும்பி வந்தார். அதன்பின் எந்த வீட்டுக்கும் போகவில்லை. நாங்களும் "அம்மா, நீங்கள் ஓய்வெடுங்கள்" என்று சொல்லிச் சொல்லி அவரை வீட்டின் ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டோம். அன்பினால் செய்தோம், ஆனால் பிழை. தேங்காய் திருவ முடியாதவர் அரிசி புடைக்கலாம், பேரப்பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கலாம், கடைக்காரரோடு தொலைபேசியில் பேரம் பேசலாம். இடியப்ப மாவின் பதத்தைக் கையால் தொட்டுச் சொல்லும் வேலையை அவரிடம் திருப்பிக் கொடுத்தபோது அந்த முகம் மாறியதைக் கண்டேன்.

இரண்டு வாரத்துக்கு மேல் உறக்கமும் பசியும் இல்லாமல் போனால் கிளினிக்கில் அதையும் சொல்லுங்கள். அதற்கும் மருந்து உண்டு.

நோன்பு காலத்தில் பம்ப் எடுக்கலாமா?

கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வரும் கேள்வி. பம்ப் எடுத்தால் நோன்பு முறியுமா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் மௌலவியிடம் கேளுங்கள். வைத்தியரிடம் றமழானுக்கு முன்பே போனால், நாளுக்கு இருமுறை எடுக்கும் மருந்தை ஸஹருக்கும் இப்தாருக்கும் பொருத்தித் தருவார். மூச்சு முட்டும்போது எடுக்கும் அவசர பம்பை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது.

எந்தக் காலத்தில் கூடுதல் கவனம் வேண்டும்?

மாரியில் தடிமன் காய்ச்சலும் ஈரச் சுவரும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் சூடும் தூசியும். இவை பழகியவை. 2022 டிசம்பரில் வந்தது புதிது. நாடு முழுவதும் காற்று மாசடைந்து, டிசம்பர் 9ஆம் திகதி பாடசாலைகளையும் மூடினார்கள். அம்மா அந்த வாரத்தில் விழுந்தவர் பிறகு முழுதாக எழவில்லை. காற்று மங்கித் தெரியும் நாட்களில் நோயாளரைக் கதவடைத்த அறையில் வைத்திருங்கள். வருடாந்த இன்ஃபுளுவென்சா தடுப்பூசி பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். வெளியே பணம் கொடுத்துப் போட நேர்ந்தாலும் ஒரு வாட் அனுமதி தரும் இழப்போடு பார்த்தால் மலிவு.

வீட்டுக்கு ஒட்சிசன் இயந்திரம் வாங்கச் சொல்கிறார்கள். தாங்குமா?

முதலில், அது உண்மையில் தேவையா என்று உறுதிசெய்யுங்கள். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதும் இரத்தத்தில் ஒட்சிசன் 88 சதவீதமோ அதற்குக் கீழோ நிலையாக இருப்பவருக்கே நீண்டகால ஒட்சிசன் ஆயுளைக் கூட்டுகிறது. அதுவும் நாளுக்குக் குறைந்தது 15 மணித்தியாலம் எடுத்தால்தான். இரைக்கும்போது பத்து நிமிடம் பிடிப்பதற்கென்று இயந்திரம் வாங்கிக் கடனாளியானவர்களைக் கண்டிருக்கிறேன். விரலில் மாட்டும் கருவியின் எண்ணையும் நம்பி முடிவெடுக்காதீர்கள்; குளிர்ந்த கையும் நகப்பூச்சும் அதை ஏமாற்றும்.

எங்களுக்கு இயந்திரம் 2021 நவம்பரில் வெளிநாட்டிலிருந்த மாமா அனுப்பிய காசில் வந்தது. விலையோடு முடியும் என்று நினைத்தோம். நாளாந்தச் செலவு மின்சாரத்தில் இருந்தது. எங்கள் இயந்திரம் சுமார் 350 வாட் எடுக்கும். 15 மணித்தியாலம் ஓடினால் நாளுக்கு ஐந்து அலகுக்கு மேல், மாதத்துக்கு 150க்கு மேல். அதுவரை எங்கள் வீட்டில் மாதம் 55 அலகுதான் ஓடியது. எங்கள் மின்கட்டணம் படிக்கணக்கில் ஏறுவது. அலகு கூடக்கூட ஒவ்வோர் அலகின் விலையும் கூடும். ஆகவே பாவனை நான்கு மடங்கானபோது பட்டியல் அதைவிடப் பல மடங்கானது. 2022 ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 சதவீதம் உயர்த்தப்பட்டது. மூச்சுக்கு மின்பட்டியல் கட்டும் வீட்டுக்கு ஒரு சலுகை வேண்டும் என்று அன்றும் எழுதிக் கேட்டேன், இன்றும் கேட்கிறேன்.

2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. இரவில் மின்சாரம் போனதும் இயந்திரம் ஒரு நீண்ட ஓசை எழுப்பி நிற்கும். கடனாக வாங்கிய ஒரு சிறு சிலிண்டரைத் திறந்து, அம்மாவை அசையாமல் உட்காரவைத்து, தம்பியும் நானும் முறைவைத்து விசிறினோம். இயந்திரம் வாங்குபவர்கள் மாற்று ஏற்பாட்டையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

ஒட்சிசன் இருக்கும் அறையில் நெருப்பு கூடாது. சாமி விளக்கு, கற்பூரம், சிகரெட் எதுவானாலும் குறைந்தது மூன்று மீற்றர் தள்ளி. சாமிப் படத்தையே நாங்கள் வேறு அறைக்கு மாற்றினோம்.

எப்போது 1990 அம்புலன்ஸ் எண்ணுக்கு அழைக்க வேண்டும்?

ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்செடுத்தால். உதடும் நகமும் நீலம் பாய்ந்தால். ஆள் தடுமாறிப் பேசினால் அல்லது எழுப்ப முடியாமல் தூங்கிவழிந்தால். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வந்தவர்களிடம் முதலில் "இவருக்கு சி.ஓ.பி.டி." என்று சொல்லுங்கள். இந்த நோயாளர் சிலருக்கு அளவுக்கு மிஞ்சிய ஒட்சிசனும் ஆபத்து. 88 முதல் 92 சதவீதத்தில் வைத்திருப்பார்கள். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி, அளவும் கூடினால் அது அம்புலன்ஸுக்கு முந்திய எச்சரிக்கை. அன்றைக்கே வைத்தியரிடம் போனால் வாட்டைத் தவிர்க்க வாய்ப்புண்டு.

அப்பா இன்னும் பீடி பிடிக்கிறார். இனி விட்டு என்ன பயன் என்கிறார்.

போன நுரையீரல் திரும்பாது. ஆனால் எந்த வயதில் விட்டாலும் அன்றிலிருந்து இழப்பின் வேகம் குறைகிறது. புகைத்தலைக் கைவிட உதவ 1948 என்ற இலவச எண் இருக்கிறது. ஏசினால் ஒளித்துப் பிடிப்பார். கூட இருந்து நாளை எண்ணுங்கள்.

பார்த்துக்கொள்ளும் எனக்கே உடம்பு முடியவில்லை. சொன்னால் தப்பா?

தப்பில்லை. பெரும்பாலும் ஒரு மகளோ மருமகளோதான் முழுவதையும் சுமக்கிறார். மற்றவர்கள் தொலைபேசியில் விசாரிக்கிறார்கள். எங்கள் வீட்டில் அது என் மூத்த அக்கா. ஏழு வருடம் அவர் ஓர் இரவும் முழுதாக உறங்கவில்லை. அது என் கொப்பியில் இல்லை, எழுதத் தோன்றவில்லை. இப்போது வருகிறவர்களிடம் முதலில் அதைத்தான் கேட்கிறேன்: இரவில் விழித்திருப்பவர் யார்? வாரத்தில் இரண்டு இரவை வேறொருவர் எடுக்கட்டும். வெளிநாட்டில் இருப்பவர் அந்த இரண்டு இரவுக்கு ஓர் உதவியாளின் கூலியை அனுப்பட்டும்.

அம்மாவுக்குப் பிறகு அந்த இயந்திரத்தை என்ன செய்தீர்கள்?

இதையும் பலர் கேட்கிறார்கள். கேட்கத் தயங்கி, கடைசியில் எழுந்து போகும்போது கேட்கிறார்கள். இயந்திரத்தில் ஓடிய மணித்தியாலத்தைக் காட்டும் ஒரு சிறு எண்பலகை உண்டு. அன்றைக்கு அது 6,137 என்று காட்டியது. திருத்துபவரிடம் கொடுத்து ஒட்சிசன் அளவைச் சோதித்தோம், வடிகட்டிகளை மாற்றினோம், மூக்குக் குழாயும் ஈரமூட்டும் போத்தலும் புதிதாக வாங்கினோம். முதலில் கிண்ணியாவில் ஒரு வீட்டில் இருந்தது. பிறகு தம்பலகாமத்தில். இப்போது நிலாவெளியில், நெல் ஆலையில் வேலை செய்த ஒருவரிடம் இருக்கிறது. வாடகை வாங்குவதில்லை. திருப்பித் தரும்போது வடிகட்டியைக் கழுவி, எண்பலகையில் இருக்கும் எண்ணைக் கொப்பியில் எழுதித் தர வேண்டும். உங்களுக்குத் தேவையென்றால் வைத்தியரின் கடிதத்தோடு வாருங்கள். அது வேறொருவரிடம் இருந்தால், யாரிடம் சும்மா இருக்கிறது என்று விசாரித்துச் சொல்கிறேன்.